கை நனைக்காத மத்தியானம்

இளநீர் குடித்தால் அது தண்ணீர் குடித்ததாகுமா, சாப்பிட்டதாகுமா?

விக்கிரவாண்டியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்தில், ஒரு புதன்கிழமை உச்சி வெயிலில், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு நாலைந்து பேர் இதை மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் ஆளுக்கொரு இளநீரைக் கையில் பிடித்தபடி, குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்கள். பேச்சு தங்களைப் பற்றித்தான் என்பது மட்டும் அவர்களுக்கு விளங்கியிருந்தது.

கடைசியில் கலியபெருமாள் தீர்ப்புச் சொன்னார். அந்த மரத்தடி வீடு ஏழுமலையுடையது; இவர் அவருக்கு மச்சான். சடங்கு, சாங்கியம் என்று வந்துவிட்டால் அந்த ஊருக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட்டு.

"தண்ணிய குடிக்கலாம். வழுக்கைய மட்டும் சுரண்டக் கூடாது."

அப்படியே நடந்தது. குடித்து முடித்ததும் காய்களை வெடுக்கென்று வாங்கிக் கூடையில் போட்டுவிட்டார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று வழுக்கை இருந்ததை அந்தக் கணவர் பார்த்துவிட்டார். கூடை வீட்டுக்குப் பின்னால் போகிற வரைக்கும், பஸ் ஏறிப் போகிற சொந்தக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நானோ வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே யூரியா, மேலே நான்

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் நான் போர்ச்சுகீசியம் சொல்லிக்கொடுக்கிறேன். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பூச்சிமருந்து கேட்டுத்தான் வருவார்கள். மிச்சப் பேர் போர்ச்சுகலுக்குப் பழம் பறிக்கப் போகிற பையன்கள், ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை இறக்குகிற வியாபாரிகள்.

எனக்கு இந்த மொழி பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் மொசாம்பிக் நாட்டில் பெய்ரா என்கிற துறைமுக ஊருக்குக் கணக்கு எழுதப் போனார். கூடப் போன நான் தக்காளி வாங்கப் போனேன். அந்தச் சந்தைக்காரிகள்தான் எனக்கு வாத்தியார்கள். அதனால் என் போர்ச்சுகீசியத்துக்குக் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. என்னிடம் படித்துவிட்டு லிஸ்பனுக்குப் போன ஒருவன், "டீச்சர், நான் வாயத் தொறந்தா யாரோ காய் விக்கிறாங்கன்னு திரும்பிப் பாக்கிறாங்க" என்று போன் போட்டுக் குறைபட்டான். சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்டேன். நன்றாகப் புரிகிறது என்றான். அப்புறம் என்ன குறை?

அங்கே நான் முதலில் கற்ற சொல் 'மாய்ஷ்'. 'இன்னும்' என்று அர்த்தம். தக்காளியை நிறுத்துப் பையில் போட்டதும் 'மாய்ஷ்' என்று இழுத்தால், சந்தைக்காரி திட்டிக்கொண்டே கொசுறாக ஒன்றைத் தூக்கிப் போடுவாள். விருந்துக்குப் போன இடத்தில் சொன்னால் இன்னொரு மீன் துண்டு வரும். இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த ஊரில் நான் பல மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஆகவே என் வகுப்பில் முதல் பாடம் 'மாய்ஷ்'. வணக்கமே இரண்டாவது பாடத்தில்தான் வரும். யாரும் அதை ஆட்சேபித்ததில்லை, ஏழுமலை அண்ணன் வருகிற வரையில்.

வேண்டாத பாடம்

அவர் படியேறி வந்த அன்றைக்கு, வழக்கம்போல, "உரம் கீழங்கண்ணா" என்று கையைக் காட்டினேன்.

"உரம் வாங்கி வண்டில ஏத்தியாச்சு டீச்சர். பாஷ வேணும்."

அறுபதைத் தாண்டிய மனிதர். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் சவுக்கும் போடுகிறவர். அவருடைய ஒரே மகன் பிரபு போர்ச்சுகலின் தெற்கே ஒரு கண்ணாடிக் கொட்டகையில் ராஸ்பெர்ரி பறிக்கிறான். அந்தப் பழத்தைப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கிற இனேஷ் என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். சாதி, மதம், சோறு, கறி என்று போட வேண்டிய சண்டையை எல்லாம் அவர்கள் போனிலேயே போட்டு முடித்துவிட்டார்கள். ஏழுமலை அண்ணனும் அவர் மனைவி தனமும் மனசு இறங்கியாயிற்று.

இனி மிச்சம் ஒன்றுதான். தன் அம்மா சரி என்று சொன்னால்தான் கல்யாணம் என்று அந்தப் பெண் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவோ, பையனின் வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். பிரபுவின் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்ததால் அவன் அந்த நாட்டை விட்டு நகர முடியாது. அறுவடை நேரம் என்பதால் பெண்ணுக்கும் லீவு இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேர் மட்டும் புதுச்சேரிக்குச் சுற்றுலா வருகிற சாக்கில் வீடு பார்க்க வருகிறார்கள்.

"நானே கூட வந்து சொல்றேனேண்ணா. நீங்க தமிழ்லயே பேசுங்க" என்றேன்.

"தோ பாருங்க டீச்சர். பொண்ணு கேக்கிறத இரவல் வாயில கேக்கக் கூடாது. எங்கப்பா எனக்குக் கேட்டாரு. என் புள்ளைக்கு நான்தான் கேக்கணும்."

பாடத்திட்டத்தையும் அவரே போட்டார். 'என் பெயர் இன்னார்' என்று நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "என் பேரு தெரியாமயா இம்மாந்தூரம் வர்றாங்க?" அவருக்கு வேண்டியது மழை, பயிர், மாடு, சாலை. பெண் கேட்கப் போனால் எடுத்த எடுப்பில் கேட்டுவிட முடியாதாம். உங்கள் பக்கம் மழை எப்படி என்று தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில்தான் விஷயத்தில் இறங்க வேண்டுமாம்.

கேட்க வேண்டிய வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்தேன். "பேசு அ சூவ ஃபீல்ய, பர உ மேவு ஃபீல்யு." உங்கள் மகளை என் மகனுக்குக் கேட்கிறேன் என்று அர்த்தம். எடுத்ததுமே 'பேசு' என்று வருவதில் அவருக்குப் பரம திருப்தி. மோட்டார் கொட்டகையில் நின்று தினமும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். அந்தப் பம்புசெட்டுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

'மாய்ஷ்' மட்டும் வேண்டாம் என்றார்.

"இன்னா டீச்சர் இது? நம்ம வூட்டுக்கு வந்தவங்க வாயத் தொறந்து 'இன்னும்'னு கேக்கிற மாதிரியா வெச்சிக்குவோம்? கேக்கிறதுக்கு முன்னாடி இலைல வுழுந்துடாது? அந்த வார்த்த எனக்குத் தேவப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. என் முதல் பாடத்தையே ஒரு மாணவர் தள்ளிவிட்டாரே என்கிற கோபம். எப்போதாவது உதவும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போதாததற்கு, அவர்கள் வருகிற அன்று தானே கூப்பிடுகிற வரைக்கும் நான் போர்ச்சுகீசியத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

கல்லாகிப்போன மரம்

புதுச்சேரியிலிருந்து அவர்களைக் காரில் அழைத்து வருவது என் பொறுப்பு. காருக்குள் பேசுவதற்குத் தடை இல்லை என்று நானாக ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன்.

அப்பா பெயர் அர்மாந்து. ஓய்வு பெற்ற தச்சர், எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படுகிற ஆள். அம்மா பெயர் லூர்தெஷ். பெயரைக் கேட்ட அன்றே ஏழுமலை அண்ணனுக்குப் பாதி பயம் போய்விட்டது. "லூர்தம்மாவா? நம்ம பக்கம் தெருவுக்கு ஒரு லூர்தம்மா கீறாங்க" என்றார்.

ஆனால் இந்த லூர்தம்மா லேசில் சிரிக்கிறவராக இல்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்கு இவள் ஒருத்திதான். பையன் நல்லவன், எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு இவள் இந்த ஊருக்கு வந்து, பசிக்கிறது என்று சொன்னால் யாருக்குப் புரியும்?"

பெய்ராவில் முதல் வாரம் நானே அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

பத்தரை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழியில் திருவக்கரை கல்மரப் பூங்காவின் பலகையைப் பார்த்துவிட்டு அர்மாந்து அது என்ன என்று கேட்டார். மரம் கல்லாகிக் கிடக்கிற இடம் என்று நான் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு தச்சரிடம் அதைச் சொல்லலாமா? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், ஒவ்வொரு கல்மரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முடிச்சைத் தடவினார். வளையத்தை எண்ணினார். இதை எந்த ரம்பத்தால் அறுப்பது என்று காவலாளியிடம் சைகையில் கேட்டார்.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜல்தி வாங்க டீச்சர்! பன்னண்டு அடிச்சா பேஜாராப் பூடும்!"

இரண்டு பூட்டு

பன்னிரண்டு அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கலியபெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "வந்துட்ச்சு" என்றார். எங்களைச் சொல்லவில்லை. ராகு காலத்தைச் சொன்னார்.

புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அதில் பெண் கேட்கக்கூடாது. இது முதல் பூட்டு. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்கக்கூடாது. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். அதனால் பேச்சு முடியாமல் இலை போட மாட்டார்கள். இது இரண்டாவது பூட்டு.

இரண்டும் சேர்ந்து விழுந்ததில், விடியற்காலையிலிருந்து சமைத்த விருந்து உள்ளே இருந்தது, பசியோடு விருந்தாளிகள் வெளியே இருந்தார்கள். நான் முதலில் சொன்ன இளநீர் வழக்கு நடந்தது இப்போதுதான்.

ஏழுமலை அண்ணன் தைரியமாகப் போர்ச்சுகீசியத்தில் இறங்கினார். உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டார். அர்மாந்து மகிழ்ந்துபோய், போன வருஷத்து வறட்சி, கிணறு, ஆலிவ் மரம் என்று நீளமாகப் பேசினார். ஒரு சொல்லும் புரியாமல் ஏழுமலை அண்ணன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பயிர் எப்படி என்றார். பிறகு மாடு. பிறகு சாலை. கையிருப்பு தீர்ந்துபோனது. மணி பன்னிரண்டே முக்கால்கூட ஆகவில்லை.

வேறு வழியில்லாமல் மறுபடி மழைக்கே போனார். இரண்டாம் முறை மழை பெய்தபோது அர்மாந்துவின் முகம் வாடத் தொடங்கியிருந்தது. என் பக்கம் குனிந்து, "இவர்களுக்கு இன்றைக்கு விரதமா?" என்று கிசுகிசுத்தார்.

"கிட்டத்தட்ட" என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சத்தியத்தைக்கூட மீறிவிடலாம். ஆனால், பெண்ணைத் தருகிறோம் என்று நீங்கள் சொன்னால்தான் சோறு என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அது மிரட்டலாகத்தான் கேட்கும். சந்தைக்காரிகள் அதற்கு எனக்கு வாக்கியம் சொல்லித்தரவில்லை.

உள்ளேயிருந்து உளுந்து வடையின் வாசனை வந்தது. லூர்தம்மா அதை முகர்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கணவரிடம் மெதுவாக, "பார்த்தாயா?" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. என் பசி அந்த நிமிஷமே போய்விட்டது. காரில் அவர் சொன்னது அவர் கண்ணெதிரேயே நடந்துகொண்டிருந்தது. இவர்கள் திரும்பிப் போய் மகளிடம் என்ன சொல்வார்கள் என்று நினைத்தபோது நிஜமாகவே பயந்தேன். பம்புசெட்டிடம் பெண் கேட்டுப் பழகிய அந்த மனிதரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

அடுப்பங்கரையில்

லூர்தம்மா கைப்பையோடு எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசலுக்குப் போகவில்லை, வாசனை வந்த பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அடுப்பங்கரையில் தனம் மட்டும் வடை சுட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் சோறு, சாம்பார், பொரியல், பாயசம், கழுவி அடுக்கிய வாழையிலை. லூர்தம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டா எங்களை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவர் முகம் கேட்டது.

வெள்ளைக்கார அம்மாவை அடுப்பங்கரையில் பார்த்த திகைப்பில் தனத்துக்குக் கை நின்றுவிட்டது. "வாங்க" என்றார். அதற்கு மேல் ஓடவில்லை. எண்ணெயில் வடை ஒரு பக்கம் சிவந்துகொண்டே போனது.

அதை லூர்தம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலையிலிருந்து விடாத கைப்பையை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, ஜல்லிக்கரண்டியை எடுத்து வடையைத் திருப்பிப் போட்டார். தனம் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒருவர் தட்டிப் போட, ஒருவர் திருப்பிவிட, இருவரும் ஒரு ஈடு எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் ஒன்றை லூர்தம்மா பிட்டு, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்து, சமைக்கிற எவரும் செய்வது போல ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"அய்யய்யோ! கை நனைச்சிட்டாங்க!"

ஜன்னலுக்கு வெளியே கலியபெருமாள். அந்தக் குரலுக்கு வேப்பமரத்தடி மொத்தமும் எழுந்து வந்தது.

"மணி ஒண்ணே கால்தான் ஆவுது! ராகு காலம் முடியல!" என்று கலியபெருமாள் கடிகாரத்தைக் காட்டினார்.

ஏழுமலை அண்ணன் அந்தக் கடிகாரத்தை எட்டிப் பார்த்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். தினமும் மகனுக்குப் போன் போடுகிறவர் அல்லவா?

"மச்சான், அவங்க ஊர்ல இப்பதான் காலைல எட்டே முக்கால். தின்னது அவங்க. அவங்க ஊரு மணிதான் செல்லும்."

சுப்ரீம் கோர்ட்டு முதல் முறையாகக் கடிகாரக் கையைக் கீழே இறக்கியது.

"இப்ப நீங்க பேசலாம் டீச்சர்" என்றார் ஏழுமலை அண்ணன்.

லூர்தம்மா, பிட்ட வடையும் கையுமாக, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பேச்சு முடியாமல் சோறு போட மாட்டார்கள் என்பதையும், நேரம் சரியில்லாமல் பேச்சை எடுக்கவில்லை என்பதையும், இப்போது அவர் சாப்பிட்டதற்கு என்ன அர்த்தம் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். காலையிலிருந்து இந்த வீட்டிலும் ஒருவரும் சாப்பிடவில்லை என்றேன்.

"இவளுமா?" என்று தனத்தைக் காட்டினார்.

"அவங்களும்தான். உப்புக்கூட ருசி பார்க்கலை."

லூர்தம்மா கையில் இருந்த மிச்ச வடையைத் தனத்திடம் நீட்டினார். தனம் தன் அண்ணன் கலியபெருமாளைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், அப்புறம் யாரையும் பார்க்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஏழுமலை அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூடத்துக்கு ஓடிப்போய் வெற்றிலைப் பாக்குத் தட்டை எடுத்துவந்து, அடுப்பங்கரை வாசலில் நின்று, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பேசு அ சூவ ஃபீல்ய, பர உ மேவு ஃபீல்யு."

ஒரு எழுத்து பிசகவில்லை. பெய்ரா சந்தையின் சத்தமும் குறையவில்லை. அர்மாந்து தன் மனைவியைப் பார்த்தார். எல்லோரும் லூர்தம்மாவைப் பார்த்தோம்.

அவர் ஏழுமலை அண்ணனைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினார். பிறகு தனத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"மாய்ஷ்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் தனம் ஒரு தட்டை அந்தக் கையில் கொடுத்து, இரண்டு வடையைப் போட்டுவிட்டு, பாயசத்துக்குக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர் சொன்னாங்க? சரின்னாங்களா?" ஏழுமலை அண்ணன் ஓரடி முன்னால் வந்தார்.

"சரின்னுதாண்ணா. நீங்க வாணாம்னு தள்ளினீங்களே அந்த முதல் பாடம், அதுல சொல்றாங்க. 'இன்னும்' கேக்கிறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். லூர்தம்மா கையில் நிறைந்திருந்த தட்டைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? அந்த வார்த்த தேவப்படாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"